கடற்கரைக்கு எட்டாத ஹேண்டி

மேட்டுப்பாளையம் என்றால் பலருக்கு ஊட்டி மலை ரயில்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது புதுச்சேரியின் மேட்டுப்பாளையத்தை. மலையும் பாக்குத் தோப்பும் இங்கே கிடையாது. தொழிற்பேட்டை, லாரி முனையம், ஐ.டி.ஐ., தகரக் கூரை வேய்ந்த கிடங்குகள், இவைதான் ஊர். ஷிப்டு மாறும் நேரத்தில் ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் நின்றால் காவலாளியின் தோளில் வாக்கி-டாக்கி கரகரப்பது கேட்கும்.

அந்தக் கருவியைப் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு கேள்வி வரும்: இது எவ்வளவு தூரம் எட்டும்?

இங்கிருந்து கடற்கரை காந்தி சிலை நேர்க்கோட்டில் சுமார் 5 கிலோமீட்டர். ஒருவர் சிலையடியிலும் இன்னொருவர் தொழிற்பேட்டைத் தெருவிலும் நின்று, ஆளுக்கொரு கையடக்கக் கருவியில் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் இரைச்சல்தான் மிஞ்சும். ஆனால் அதே கருவி 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் குரலைப் பிடித்துவிடும். கடற்கரைக்கு எட்டாத கருவி விண்வெளிக்கு எட்டுகிறது! இந்த முடிச்சை அவிழ்த்தால், கருவியின் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களுக்கும் பொருள் விளங்கிவிடும்.

பெட்டியின் மேல் இருக்கும் எண்கள்

தேர்வெழுதி உரிமம் வாங்கி, காசுக்காக அல்லாமல் ஆசைக்காக வானொலியில் பேசுகிறவர்களை உலகம் முழுக்க ‘ஹாம்’ என்கிறார்கள். கையில் பிடித்துப் பேசும் கருவிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர் ‘ஹேண்டி’. நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

சந்தையில் மலிவாகக் கிடைத்து உலகெங்கும் பரவிய ஹேண்டி, சீனாவின் பாவ்ஃபெங் யு.வி-5ஆர். அதன் விவரக்குறிப்பில் இரண்டு வரிகள் இருக்கும்: 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ், 400 முதல் 480 மெகாஹெர்ட்ஸ். சில பதிப்புகளில் இரண்டாவது வரி 520 வரை போகும்.

வானொலி அலை ஒரு நொடியில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதே அதிர்வெண். நொடிக்குப் பத்து லட்சம் முறை என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸ். அலையின் ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை உள்ள தூரம் அலைநீளம். எல்லா வானொலி அலைகளும் ஒளியின் வேகத்திலேயே ஓடுவதால், அதிர்வெண் கூடக் கூட அலைநீளம் குறையும். வேட்டிக் கரைபோலத் தொடக்கமும் முடிவும் வகுத்து, ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய அதிர்வெண் துண்டுக்குப் ‘பட்டை’ என்று பெயர்.

இந்திய ஹாம்களுக்கு ஹேண்டியில் பயன்படும் பட்டைகள் இரண்டு. 144 முதல் 146 வரை ஒன்று. அங்கே அலைநீளம் ஏறத்தாழ 2 மீட்டர் என்பதால் அதை ‘இரண்டு மீட்டர்’ என்பார்கள். 434 முதல் 438 வரை இன்னொன்று. அங்கே அலைநீளம் 70 சென்டிமீட்டரை ஒட்டி வருவதால் அது ‘எழுபது சென்டிமீட்டர்’.

உலகில் விற்கும் ஹேண்டிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் சுற்றியே அமைந்திருக்கின்றன. ஏன் இந்த இரண்டு?

நாயனத்தின் நீளம்

நாகசுரத்தில் இரண்டு வகை உண்டு. குட்டையான திமிரி கீச்சென்று உயர்ந்த சுருதியில் பேசும். நீளமான பாரி தாழ்ந்த சுருதியில் கம்பீரமாகப் பேசும். குழல் நீண்டால் சுருதி இறங்கும் என்பதை எந்த மேளக்காரரும் சொல்வார்.

ஆன்டெனாவும் அப்படித்தான். ஒரு கம்பி தன் நீளத்துக்கு ஏற்ற அலையில்தான் நன்றாகப் ‘பாடும்’. கைக்கருவிக்கு வசதியான நீளம், அலைநீளத்தில் கால் பங்கு. இரண்டு மீட்டர் பட்டைக்குக் கால் பங்கு சுமார் அரை மீட்டர், அதாவது ஒரு முழம். எழுபது சென்டிமீட்டருக்குப் பதினேழு சென்டிமீட்டர், ஒரு சாண்கூட வராது. இரண்டும் கையில் பிடிக்கிற அளவு.

ஹாம்கள் இரவு நேரத்தில் தொலைதூரம் பேசப் பயன்படுத்தும் 7 மெகாஹெர்ட்ஸ் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கால் பங்கே பத்து மீட்டருக்கு மேல். மூன்று மாடி உயரத்துக்குக் கம்பி நட்ட ஒரு பொருளைக் கையடக்கக் கருவி என்று யாரும் சொல்லமாட்டார்கள். கம்பியைச் சுருட்டிக் குட்டையாக்கலாம். ஆனால் சுருட்டச் சுருட்டத் திறன் வீணாகும். ஹேண்டியோடு வரும் ரப்பர் உறை போட்ட குட்டை ஆன்டெனாவுக்குள் இருப்பதும் அப்படிச் சுருட்டிய கம்பிதான். அதை மாற்றி ஒரு முழக் கம்பி போட்டாலே ஹேண்டி வேறு கருவியாகிவிடும். சட்டைப்பைக்குள் அடங்காது என்பது மட்டும்தான் தொந்தரவு.

இதில் ஓர் அழகான ஒற்றுமை ஒளிந்திருக்கிறது. 145-ஐ மூன்றால் பெருக்குங்கள்: 435. இரண்டாவது பட்டை முதல் பட்டையின் மும்மடங்கில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முனை அடைத்த குழாயை மெதுவாக ஊதினால் ஒரு சுரம் வரும். அழுத்தி ஊதினால் சட்டென்று மும்மடங்கு அதிர்வெண்ணுக்குத் தாவும். அடியில் கருவியும் நுனியில் வெட்டவெளியுமாக நிற்கும் ஆன்டெனாக் கம்பியும் அதே குணம் கொண்டது. இரண்டு மீட்டருக்குக் கால் பங்காக வெட்டிய அரை மீட்டர் கம்பி, எழுபது சென்டிமீட்டருக்கு முக்கால் பங்காக அமைந்து அதிலும் பாடும். ஒரே கம்பியில் இரண்டு பட்டை என்பது ஹேண்டி செய்கிறவர்களுக்குப் பெரிய வசதி.

உயரம் கேட்கும் அலை

இனி தூரம். இந்த இரண்டு பட்டைகளின் அலைகளும் ஏறத்தாழ ஒளியைப் போல நேராகப் போகிறவை. பூமி உருண்டையின் வளைவு குறுக்கே வந்தால் அதோடு எல்லை முடிந்தது.

ஒன்றரை மீட்டர் உயரத்தில், வாயருகே ஹேண்டியைப் பிடித்து நிற்பவருக்கு வானொலி அடிவானம் சுமார் 5 கிலோமீட்டரில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அடிவானத்தைவிட இது சற்றே அதிகம். காற்று அலையைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைத்துக் கொடுக்கிறது. எதிரில் நிற்பவருக்கும் அதே 5. இரண்டையும் கூட்டினால் 10 கிலோமீட்டர். அப்படியானால் 5 கிலோமீட்டரில் உள்ள காந்தி சிலை எட்ட வேண்டுமே?

கடல்மேல் இரண்டு படகுகளில் நின்றால் எட்டும். மேட்டுப்பாளையத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஊர் இருக்கிறது. கான்கிரீட் மாடிகள், தகரக் கூரைகள், தென்னை மரங்கள், பேருந்துகள் எல்லாம் அந்த நேர்க்கோட்டில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் கொஞ்சம் விழுங்கி, கொஞ்சம் சிதறடித்து, கடைசியில் இரைச்சலை மட்டும் விட்டுவைக்கின்றன.

இப்போது பத்து மீட்டர் உயர மொட்டை மாடிக்கு ஏறுங்கள். அடிவானம் 13 கிலோமீட்டருக்கு நகர்ந்துவிடும். 1979-இல் இயங்கத் தொடங்கிய புதுச்சேரியின் புதிய கலங்கரை விளக்கம் 48 மீட்டர். அதன் உச்சியில் நிற்பவருக்கு அடிவானம் 28 கிலோமீட்டர். கருவி அதே கருவி, அதிர்வெண்ணும் அதே. உயரம் நான்கு மடங்கானால் தூரம் இரண்டு மடங்காகிறது, அவ்வளவுதான் கணக்கு. பெட்டியில் ‘10 கி.மீ. எட்டும்’ என்று அச்சிட்டிருந்தால் எந்த உயரத்திலிருந்து என்று திருப்பிக் கேளுங்கள். அதைச் சொல்லாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை.

ஹாம்கள் உயரமான இடங்களில் ‘ரிப்பீட்டர்’ வைப்பது இதனால்தான். தரையிலிருந்து வரும் பலவீனமான குரலை ஒரு அதிர்வெண்ணில் வாங்கி, அதே நொடியில் வேறொரு அதிர்வெண்ணில் உரக்கத் திருப்பிச் சொல்லும் கருவி அது. கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பவரைப் போன்ற வேலை.

அந்த ரிப்பீட்டரைக் கோபுர உச்சிக்குப் பதில் 400 கிலோமீட்டர் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டால்?

பத்து நிமிடம்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் அப்படி ஒரு ரிப்பீட்டர் உண்மையிலேயே இருக்கிறது. 2020 செப்டம்பரில் இயங்கத் தொடங்கியது. 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசினால், அது வாங்கி 437.800-இல் திருப்பி அனுப்பும். முதல் எண் இரண்டு மீட்டர் பட்டையின் மேல்விளிம்புக்குள்ளும் இரண்டாவது எழுபது சென்டிமீட்டர் பட்டையின் மேல்விளிம்புக்குள்ளும் அடங்குவதைக் கவனியுங்கள். இந்திய ஹாம் ஒருவர் ஹேண்டியின் இரு பட்டைகளையும் ஒரே உரையாடலில் பயன்படுத்தும் இடம் இது.

நிலையம் பூமியை ஒரு முறை சுற்ற சுமார் 93 நிமிடம் ஆகிறது. நிலநடுக்கோட்டுக்கு வடக்கிலும் தெற்கிலும் 51.6 பாகை வரை போய்வரும் பாதை. புதுச்சேரி 12 பாகையை ஒட்டி இருப்பதால் நம் தலைக்கு மேலும் அது கடந்து போகும். நல்ல கடப்பு ஒன்றுக்கு அடிவானத்திலிருந்து அடிவானம் வரை பத்து நிமிடம் கிடைக்கும்.

உரிமம் உள்ள ஒரு ஹாம் மேட்டுப்பாளையத்தில் மொட்டை மாடியில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஐந்து வாட் ஹேண்டி, அதில் அரை மீட்டர் ஆன்டெனா. வீட்டில் எரியும் சின்ன எல்.இ.டி. பல்பின் சக்திதான் அது.

கடப்பு தொடங்கும்போது நிலையம் 2,000 கிலோமீட்டருக்கு அப்பால், அடிவானத்தில் இருக்கிறது. அப்போது அவர் 437.800-இல் காத்திருந்தால் ஒன்றும் கேட்காது. அவர் வைக்க வேண்டியது 437.810. ஏன்?

லாரி முனையச் சாலையில் நின்றவர்களுக்கு விடை தெரியும். ஹாரன் அடித்துக்கொண்டே நெருங்கும் லாரியின் ஒலி உயர்ந்த சுருதியில் வரும்; நம்மைத் தாண்டியதும் சட்டென்று இறங்கும். ஓட்டுநர் ஹாரனை மாற்றவில்லை, லாரியின் ஓட்டம் அலைகளை நெருக்கியும் விரித்தும் விடுகிறது. 1842-இல் இதை விளக்கிய ஆஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டாப்ளரின் பெயரால் இதை டாப்ளர் விளைவு என்கிறோம்.

நிலையம் நொடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடும் லாரி. நெருங்கும்போது அதன் 437.800 நமக்கு 437.810-ஆக வந்து சேர்கிறது. இரண்டு மூன்று நிமிடம் கழித்து 437.805. தலைக்கு மேல் வரும்போது சரியாக 437.800. விலகும்போது 437.795, மறையும்போது 437.790. ஹேண்டியின் நினைவகத்தில் இந்த ஐந்தையும் முன்பே பதித்துவைத்து, பொத்தானை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போவார்கள் ஹாம்கள்.

மேலே அனுப்பும் 145.990-க்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. நகர்வு அதிர்வெண்ணோடு சேர்ந்தே கூடுகிறது. மூன்றில் ஒரு பங்கு அதிர்வெண்ணுக்கு மூன்றில் ஒரு பங்கு நகர்வுதான், அதாவது அதிகபட்சம் மூன்றரை கிலோஹெர்ட்ஸ். பண்பலைக் கருவியின் காது அந்த அளவு பிசகைப் பொறுத்துக்கொள்ளும். ஒரே கருவி, ஒரே வானம், இரண்டு பட்டைக்கு இரண்டு நடத்தை. பட்டை மாறினால் என்ன மாறும் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த உதாரணத்தைத்தான்.

இன்னும் இரண்டு நுணுக்கங்கள். பேசும்போது குரலுக்கு அடியில் 67 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்றையும் ஹேண்டி சேர்த்து அனுப்ப வேண்டும். கதவில் தட்டும் ரகசியக் குறிபோல, அது இருந்தால்தான் ரிப்பீட்டர் திறக்கும். இரண்டாவது, ஆன்டெனாவின் நுனியை நிலையத்தை நோக்கித் துப்பாக்கிபோல நீட்டக் கூடாது. நேர்க்கம்பி பக்கவாட்டில்தான் அலையை வீசும்; நுனித் திசையில் ஏறக்குறைய ஒன்றுமே போகாது. தலைக்கு மேல் நிலையம் வரும்போது ஹேண்டியைப் படுக்க வைத்துப் பிடிப்பதே சரி. முதல்முறை முயல்கிறவர்களில் பெரும்பாலானவர்கள் இதில்தான் தோற்கிறார்கள்.

இத்தனை தூரம் ஐந்து வாட் எப்படித் தாங்குகிறது? வழியில் எதுவும் இல்லை என்பதே விடை. முதலில் கொஞ்ச தூரம் காற்று, அதற்குப் பிறகு வெறும் வெளி. தகரக் கூரை இல்லை, தென்னை இல்லை, பூமியின் முதுகு இல்லை. விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரமுள்ள கலங்கரை விளக்கம். கடற்கரைதான் தொலைவு.

2025 ஜூலையில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா அந்த நிலையத்திலிருந்து ஹாம் வானொலி வழியாக இந்திய மாணவர்களிடம் பேசினார். விண்வெளி வீரர்கள் பள்ளிகளோடு பேசும்போது நிலையத்திலிருந்து இறங்கும் குரல் வழக்கமாக 145.800-இல் வரும். சுக்லா பேசுவதற்கு இருபது ஆண்டு முன்பே இஸ்ரோ இந்த இரு பட்டைகளை ஒரு செயற்கைக்கோளில் கோத்துவிட்டது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-6 ஏற்றிச்சென்ற ‘ஹாம்சாட்’ 42.5 கிலோ எடை கொண்டது. 435-இல் கேட்டு 145-இல் பேசியது. 2014 வரை உழைத்தது.

தகரக் கிடங்குக்குள்

தொழிற்பேட்டைக் காவலாளியின் வாக்கி-டாக்கிக்குத் திரும்புவோம். தொழிற்சாலைகளில் புழங்கும் கருவிகள் பெரும்பாலும் 400-க்கு மேற்பட்ட பட்டையைச் சேர்ந்தவை. தகரம் அலையை உள்ளே விடாது. கதவு, ஜன்னல், காற்றுப்போக்கி போன்ற திறப்புகள் வழியாகத்தான் அது நுழைய வேண்டும். இரண்டு மீட்டர் அலைக்கு ஒரு மீட்டர் ஜன்னல் இடுக்கான வழி. எழுபது சென்டிமீட்டர் அலை அதில் தாராளமாக நுழைந்து, உள்ளே சுவருக்குச் சுவர் எதிரொளித்து மூலை முடுக்குக்கும் போய்ச் சேரும். மழையில் நனைந்த தோப்பு என்றால் நிலைமை தலைகீழ். ஈர இலைகள் குட்டை அலையை அதிகம் குடிக்கும். அங்கே இரண்டு மீட்டருக்குத்தான் வெற்றி.

அடிவானத்தை ஏமாற்றும் நாட்கள்

அபூர்வமாக இந்த அலைகளும் வளையும். கடல்மேல் ஈரமான குளிர்ந்த காற்றும் அதன்மேல் உலர்ந்த வெப்பக் காற்றும் அடுக்காகப் படிந்தால், நடுவில் ஒரு குழாய் அமைந்ததுபோல அலை பூமியின் வளைவையொட்டி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி தொலைக்காட்சி தொடங்கிய பிறகு, தமிழகக் கடலோர ஊர்களில் மூங்கில் கழியில் ஆன்டெனா கட்டி அதைப் பார்த்தவர்கள் உண்டு. சில நாள் படம் பளிச்சென்று தெரியும், சில நாள் புள்ளிதான். அந்தக் காற்றுக் குழாயின் தயவு அது.

தயவை நம்பி மீட்புப் பணி செய்ய முடியாது. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு ஒன்று அந்தமானில் இருந்தது. 26-ஆம் தேதி ஆழிப்பேரலை தாக்கியதும் அவர்கள் செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பினார்கள். அன்று போர்ட் பிளேர் என்று அழைக்கப்பட்ட அந்தமான் தலைநகர் சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல். அந்த வேலைக்கு 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பட்டைகள் வேண்டும். வளிமண்டலத்தின் மேலடுக்கான அயனி மண்டலம் அவற்றைக் கண்ணாடிபோல் திருப்பிப் பூமிக்கு அனுப்பும். ஹேண்டியின் அலையோ அந்தக் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும். விண்வெளி நிலையத்தோடு பேச உதவும் அதே குணம் இங்கே கைவிடுகிறது.

நூற்றுக்கு ஐந்து

அலைக்கு எல்லைக்கோடு தெரியாது; பட்டைக்கும் ஹாமின் அடையாளமான அழைப்புக்குறிக்கும் தெரியும். ஹாம்கள் தங்களுக்கென ஒரு நாடுகள் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அதில் பிரெஞ்சு இந்தியா தனி நாடாக இருந்தது, அழைப்புக்குறி எஃப்.என்.8 என்று தொடங்கும். 1954 அக்டோபர் 31 வரை பேசியவர்களுக்கே அந்தக் கணக்கு செல்லும். மறுநாள் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, எஃப்.என்.8 பட்டியலிலிருந்து நீங்கியது. இன்று புதுச்சேரி ஹாம்கள் சென்னை, மதுரைக்காரர்களைப் போலவே வி.யு.2, வி.யு.3 என்று தொடங்குகிறார்கள். அதேபோல, இணையத்தில் ‘மூன்று பட்டை’ என்று விற்கும் சில ஹேண்டிகளில் இருக்கும் 220 மெகாஹெர்ட்ஸ் அமெரிக்கக் கண்டங்களின் ஹாம்களுக்கானது. இங்கே அதற்குக் காசு கொடுப்பது வீண்.

இனி அந்தப் பெட்டி எண்களைக் கூட்டிப் பார்ப்போம். 136 முதல் 174 வரை 38 மெகாஹெர்ட்ஸ். 400 முதல் 480 வரை 80. மொத்தம் 118 மெகாஹெர்ட்ஸில் கருவி பேசும். இந்திய ஹாமுக்கு அனுமதி உள்ளது இரண்டும் நான்குமாக 6. நூற்றுக்கு ஐந்து.

மிச்சம் தொண்ணூற்றைந்தில் யார் இருக்கிறார்கள்? 156.800-இல் கப்பல்களும் படகுகளும் ஆபத்தில் கூப்பிடும் பொது அழைப்பு. 400-ஐத் தாண்டினால் காரைக்காலில் வானிலைத் துறை பறக்கவிடுவது போன்ற பலூன்கள் மேலிருந்து வெப்பமும் ஈரமும் சொல்லும் இடம். 406-இல் மூழ்கும் கப்பலும் விழுந்த விமானமும் செயற்கைக்கோளை நோக்கி எழுப்பும் அபாயக் குரல். இந்தியாவில் அதைக் கேட்டு மீட்புப் படைக்குச் சொல்லும் மையம் பெங்களூரில் இருக்கிறது. இவற்றின் நடுவில் விளையாட்டாக ஒரு பொத்தானை அழுத்துவது ஆம்புலன்ஸ் வழியில் வண்டியை நிறுத்துவதற்குச் சமம். கருவியால் முடியும் என்பது அனுமதி ஆகாது. உரிமம் இல்லாமல் இத்தகைய ஹேண்டியை வைத்திருப்பதே குற்றம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 மே மாதம் வகுத்த நெறிமுறைகளின்படி, வாக்கி-டாக்கியை இணையத்தில் விற்பவர்கள் அதன் அதிர்வெண்ணையும் உரிமம் தேவையா என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். உரிமமே வேண்டாம் என்பவர்களுக்கு 446.0 முதல் 446.2 வரை ஒரு சிறு துண்டு 2018 முதல் திறந்திருக்கிறது. அரை வாட் சக்திதான்; தொழிற்சாலை வளாகத்துக்குள் பேசிக்கொள்ள அது போதும்.

விண்வெளி நிலையத்தோடு பேச ஆசை வந்துவிட்டால் தேர்வு எழுத வேண்டும். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் வானலைப் பிரிவு நடத்துவது. 12 வயது நிரம்பிய எவரும் எழுதலாம். அடிப்படை மின்னணுவியலும் விதிகளும்தான் பாடம்; மோர்ஸ் தட்டத் தெரியாதவர்களுக்கும் முதல் படிநிலை உண்டு. மேட்டுப்பாளையம் ஐ.டி.ஐ.யில் மின்னணுவியல் படிக்கும் தம்பிகளுக்கு இதில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தெரிந்த பாடம். விண்ணப்பம் போட்டுவிடுங்கள், தம்பிகளா. மொட்டை மாடி தயாராக இருக்கிறது.